யாரும் வேண்டாம் என்ற அலைகள்: ஹாம் ரேடியோ வந்த கதை

ஹாம் ரேடியோ என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரே விஷயம்தான். "புயல், வெள்ளம் வந்து செல்போன் எல்லாம் படுத்துட்டா அப்ப உதவுமே, அதானே?" அதுவும் சரிதான். ஆனால் அது இந்தக் கதையின் ஒரு பக்கம் மட்டுமே. இதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பள்ளிக்கூடப் பையன்கள் வருகிறார்கள், ஆடு மேய்ப்பவர் வருகிறார், சுதந்திரப் போராட்டம் வருகிறது, நம்ம மெட்ராஸும் திருச்சியும்கூட வருகின்றன.

முதலில் ஒரு சின்ன விளக்கம். சொந்தமாக ஒரு டிரான்ஸ்மிட்டர் வைத்துக்கொண்டு, அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, ஊர் உலகத்தில் இருக்கிற மற்ற லைசென்ஸ்காரர்களோடு வானொலி அலையில் பேசுவதுதான் அமெச்சூர் வானொலி. செல்லமாக ஹாம். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி உண்டு. இந்தியர்களின் குறி பெரும்பாலும் வி.யு. என்று ஆரம்பிக்கும். இதில் முக்கியமான விதி ஒன்று இருக்கிறது: இதை வைத்து ஒரு பைசாகூட சம்பாதிக்கக் கூடாது. பாட்டுப் போட்டு விளம்பரம் வாங்கக் கூடாது. வியாபாரத் தகவல் அனுப்பக் கூடாது.

வணிகவியல் படிக்கிறவனுக்கு இந்த விதிதான் முதலில் கண்ணில் படும். 2010ல் நம் நாட்டில் 3ஜி அலைக்கற்றை ஏலம் நடந்தபோது அரசாங்கத்துக்குக் கிடைத்தது 67 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். காற்றில் போகிற அலைக்கு இவ்வளவு விலை! அப்படியிருக்க, அதே காற்றில் ஒரு பங்கை பொழுதுபோக்குக்காக, ஏலமே இல்லாமல், ஏன் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்? இது நியாயமா, இல்லை பழைய காலத்து சலுகை ஒன்று அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறதா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் வரலாற்றுக்குள்தான் போக வேண்டியிருக்கிறது.

லைசென்ஸே இல்லாத காலம்

1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி கனடா பக்கத்தில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்தில் உட்கார்ந்துகொண்டு, இங்கிலாந்திலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த சமிக்ஞையைக் கேட்டதாக அறிவித்தார். உலகமே பரபரப்பானது. அதில் அதிகம் பரபரப்பானவர்கள் பையன்கள்.

அன்றைய தொழில்நுட்பம் எளிமையானது. ஒரு காயில், அதிலிருந்து பறக்கும் தீப்பொறி, மேலே நீளமாக ஒரு கம்பி. தீப்பொறி வெடிக்கிறபோதெல்லாம் வானொலி அலை கிளம்பும். விட்டு விட்டுத் தட்டினால் மோர்ஸ் குறியீடு. கேட்கிற பக்கம் கலீனா என்ற ஈயத் தாதுக் கல் ஒரு துண்டு, அதன் மேல் மெல்லிய கம்பி முனை, காதில் ஹெட்ஃபோன். ஓட்ஸ் வருகிற உருளை அட்டை டப்பாதான் காயில் சுற்றுவதற்கு. மின்சாரமே தேவைப்படாத ரிசீவர் அது. நியூயார்க்கில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் (பிற்காலத்தில் அறிவியல் புனைகதைப் பத்திரிகை தொடங்கியவர் இவர்தான்) 1906 வாக்கில் டெலிம்கோ என்ற பெயரில் முழு வயர்லெஸ் செட்டையே பத்து டாலருக்கும் குறைவாக விற்றார்.

அப்போது லைசென்ஸ், தேர்வு எதுவும் கிடையாது. பெயர்கூட அவரவர் வைத்துக்கொண்டதுதான். அமெரிக்க நகரங்களில் ஆயிரக்கணக்கான பையன்கள் ராத்திரி முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தீப்பொறி அலை ஒழுங்காக ஓரிடத்தில் நிற்காது, பக்கத்து அலைநீளங்களிலும் வழியும். கப்பல்களும் கடற்படையும் பேசுகிற இடத்தில் இந்தப் பையன்களின் சத்தம் புகுந்தது. கடற்படைக்காரர்கள் கடுப்பாகிப் புகார் மேல் புகார் கொடுத்தார்கள்.

200 மீட்டருக்குக் கீழே

1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது. கடலில் வயர்லெஸ் எவ்வளவு முக்கியம் என்பதும், அதில் எவ்வளவு குழப்பம் இருக்கிறது என்பதும் ஒரே ராத்திரியில் எல்லோருக்கும் புரிந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்கா வானொலிச் சட்டம் கொண்டுவந்தது. இனி ஒலிபரப்ப லைசென்ஸ் வேண்டும். அமெச்சூர்கள் ஒரு கிலோவாட்டுக்கு மேல் சக்தி பயன்படுத்தக் கூடாது. அலைநீளம் 200 மீட்டர் அல்லது அதற்குக் கீழேதான்.

இந்த 200 மீட்டரில்தான் சூட்சுமமே இருக்கிறது. நீளமான அலைதான் தூரம் போகும், குட்டை அலை பக்கத்திலேயே செத்துவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. கடல் கடந்து பேசும் நிலையங்கள் ஆயிரக்கணக்கான மீட்டர் அலைநீளத்தில், ராட்சச ஆன்டெனாக்களோடு இயங்கின. கப்பல்கள் 300, 600 மீட்டரில் இருந்தன. 200க்குக் கீழே யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதனால் அதை அமெச்சூர்களுக்குத் தள்ளிவிட்டார்கள். ஊர்க்கோடியில் எதுவும் விளையாத தரிசை ஏழைப் பங்காளிக்குப் பாகம் பிரித்துக் கொடுப்பது மாதிரி. அங்கே போனால் இந்தப் பொழுதுபோக்கு தானாகவே அழிந்துவிடும் என்று நினைத்தவர்களும் உண்டு.

அது அழியவில்லை. அழியாததற்கு முக்கியமான காரணம் அவர்கள் கூட்டமாகச் சேர்ந்தது. ஹைரம் பெர்சி மேக்சிம் என்ற பொறியாளர் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரில் இருந்தார். (மேக்சிம் இயந்திரத் துப்பாக்கி கேள்விப்பட்டிருப்பீர்களே, அதைக் கண்டுபிடித்தவரின் மகன்.) 1914ல் அவருக்கு ஒரு வால்வு தேவைப்பட்டது. சுமார் 30 மைல் தள்ளி ஸ்ப்ரிங்ஃபீல்டில் ஒருவரிடம் இருப்பது தெரிந்தது. அவ்வளவு தூரம் இவர் அலை எட்டவில்லை. நடுவில் இருந்த இன்னொரு அமெச்சூர் மூலமாகச் செய்தியைக் கைமாற்றினார். உடனே அவருக்குப் பொறி தட்டியது. ஒருவர் எட்டாத தூரத்தை வரிசையாக நின்றால் எட்டலாமே! கிளாரன்ஸ் டஸ்கா என்ற இளைஞரோடு சேர்ந்து அதே வருஷம் அமெரிக்க ரேடியோ ரிலே லீக் அமைப்பைத் தொடங்கினார். அதன் பத்திரிகை 1915 டிசம்பரில் வர ஆரம்பித்தது. அமைப்பும் பத்திரிகையும் இன்றும் இருக்கின்றன.

1917ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் எல்லா அமெச்சூர் நிலையங்களையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. போர் முடிந்த பிறகும் கடற்படை காற்றைத் திருப்பிக் கொடுக்கத் தயாராக இல்லை. வானொலி மொத்தத்தையும் தன் கையில் வைத்துக்கொள்ள ஒரு மசோதாவே வந்தது. உறுப்பினர்கள் கடிதம் மேல் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். மசோதா நின்றது. 1919 அக்டோபரில்தான் மறுபடி ஒலிபரப்ப அனுமதி கிடைத்தது. தனித்தனிப் பையன்களாக இருந்திருந்தால் கதை 1919லேயே முடிந்திருக்கும்.

தரிசில் விளைந்தது

போருக்குப் பிறகு வால்வுகள் கைக்குக் கிடைக்க ஆரம்பித்தன. தீப்பொறியின் இடத்தில் சுத்தமான, ஓரிடத்தில் நிற்கிற அலை வந்தது. "நம்ம 200 மீட்டர் அட்லாண்டிக்கைத் தாண்டுமா?" என்ற கேள்வி எழுந்தது. 1921 பிப்ரவரியில் முயன்றார்கள், தோல்வி. அடுத்த முறை ரிலே லீக் வேறு வேலை செய்தது. பால் காட்லி என்ற திறமையான அமெச்சூரை நல்ல ரிசீவரோடு கப்பலேற்றி ஸ்காட்லாந்துக்கே அனுப்பிவிட்டது. டிசம்பர் குளிரில், ஆர்ட்ராசன் என்ற கடற்கரை ஊரில், மழையில் நனைந்த ஒரு கூடாரத்துக்குள் காட்லி காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்தார். அமெரிக்க அமெச்சூர் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. கனெக்டிகட்டில் ஒரு குழு இதற்காகவே கட்டிய 1 பி.சி.ஜி. நிலையத்திலிருந்து முழுச் செய்தியே வந்து சேர்ந்தது. மார்க்கோனி கேட்டு 20 வருஷம் ஆகியிருந்தது. இந்த முறை செலவு செய்தது கம்பெனி இல்லை, பொழுதுபோக்குக்காரர்கள்.

கேட்டாயிற்று, இனி பேச வேண்டும். 1923 நவம்பரில் பிரான்ஸின் நீஸ் நகரத்திலிருந்த லியோன் டெலாய், அமெரிக்காவின் ஃப்ரெட் ஷ்னெல் இருவரும் சுமார் 100 மீட்டர் அலைநீளத்தில் இரு வழியாகவும் பேசினார்கள். இங்கே ஒரு விசித்திரம் தெரிய வந்தது. அலைநீளத்தைக் குறைக்கக் குறைக்க தூரம் குறையவில்லை, கூடியது!

காரணம் நம் தலைக்கு மேலே இருக்கிறது. சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற ஒரு காற்று அடுக்கு மேலே இருக்க வேண்டும் என்று 1902லேயே கென்னலி, ஹெவிசைட் இருவரும் சொல்லியிருந்தார்கள். நீள அலை தரையை ஒட்டியே ஊர்ந்து போகும். குட்டை அலையின் தரை வழிப் பயணம் சீக்கிரமே முடிந்துவிடும். அதை மட்டும் பார்த்துத்தான் "உதவாது" என்று முடிவு கட்டினார்கள். ஆனால் வானத்தை நோக்கிப் போன பங்கு அந்த அயனி அடுக்கில் வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கீழே இறங்கியது. நடுவில் இருப்பவருக்குக் கேட்காது, கடல் கடந்து இருப்பவருக்குக் கேட்கும். அந்த அடுக்கு நிஜமாகவே இருக்கிறது என்பதை ஆப்பிள்டன் 1924 கடைசியில் தொடங்கிய சோதனைகளில் நிரூபித்தார். பின்னாளில் நோபல் பரிசும் பெற்றார். அதாவது, அறிவியல் முழுசாக விளக்குவதற்கு முன்னாலேயே அமெச்சூர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

லண்டன் பள்ளிக்கூடமும் நியூசிலாந்து ஆட்டுப் பண்ணையும்

இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஷாக் வேலி என்ற இடத்தில் ஃபிராங்க் பெல் ஆட்டுப் பண்ணை வைத்திருந்தார். முதல் உலகப் போரில் உடம்பு கெட்டு வீடு திரும்பியவர். பண்ணை வீட்டில் தானே ரேடியோ கட்டினார். அழைப்புக்குறி 4 ஏ.ஏ. உலகத்தின் இந்தப் பக்கம் லண்டனில் மில் ஹில் பள்ளி. அங்கே சிசில் கோய்டர் என்ற 18 வயதுப் பையன் 2 எஸ்.இசட். என்ற குறியில் பள்ளிக்கூட நிலையத்தை இயக்கினான்.

1924 அக்டோபர் 18. பெல் தட்டினார். கோய்டர் பதில் தட்டினான். பூமியில் இதைவிடத் தூரமாக இருவர் இருப்பது கஷ்டம், கிட்டத்தட்ட உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்கள். சுமார் 19 ஆயிரம் கிலோமீட்டர். இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும் நடந்த முதல் இரு வழி வானொலிப் பேச்சு, ஒரு விவசாயிக்கும் ஒரு மாணவனுக்கும் நடந்தது. (பெல்லின் அக்கா பிரெண்டா பிறகு அந்த நிலையத்தை எடுத்து நடத்தினார். நியூசிலாந்தின் முதல் பெண் ஹாம் அவர்தான்.)

சரி, இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடப் பையன் சிசில் கோய்டர் 1936ல் இந்தியாவுக்கு வந்து அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளர் ஆனார்! இவ்வளவு பெரிய தேசத்தைக் கொஞ்சம் பணத்தில் எப்படி வானொலியால் மூடுவது என்பதுதான் அவர் முன்னால் இருந்த கணக்கு. மத்திய அலை நிலையம் சுற்றுவட்டாரத்துக்குத்தான் எட்டும். அதோடு சிற்றலையையும் சேர்த்தால் தூரத்து ஊர்களுக்கும் எட்டும். 1924ல் கையால் தட்டிப் பார்த்த பாடம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் காலத்தில்தான் 1938 ஜூன் 16ல் மெட்ராஸ் நிலையமும் 1939 மே 16ல் திருச்சி நிலையமும் வந்தன. மெட்ராஸில் மத்திய அலை, சிற்றலை இரண்டும் இருந்தன. நம் தாத்தா பாட்டிகள் கேட்ட கச்சேரிக்கும் நாடகத்துக்கும் பின்னால், யாரும் வேண்டாம் என்று தள்ளிய அந்த அலைகளில் விளையாடிய ஒரு பையன் இருக்கிறான்.

மெட்ராஸின் சொந்தக் கதை

கோய்டர் வருவதற்கு முன்னால் இங்கே ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவின் முதல் அமெச்சூர்களில் ஒருவராகச் சொல்லப்படுபவர் கல்கத்தாவின் அமரேந்திர சந்திர குப்து. 1921ல் 2 ஜே.கே. என்ற குறியில் இயங்கினார். 1923ல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரேடியோ கிளப்கள் வந்தன.

1924 மே மாதம் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கியது. அதற்கு முக்கியக் காரணமாக இருந்தவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி. ஜூலை 31 அன்று ஒலிபரப்பு ஆரம்பித்தது. டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். நம் வீட்டு பழைய குண்டு பல்பு அளவு! அரசாங்கமும் இல்லை, கம்பெனியும் இல்லை. ஆர்வம் இருந்தவர்கள் சந்தா போட்டு நடத்திய நிலையம். ஆர்வத்தை வைத்து எவ்வளவு நாள் ஓட்ட முடியும்? 1927ல் பணமில்லாமல் நின்றது. டிரான்ஸ்மிட்டரை மெட்ராஸ் மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து ஜனங்களுக்குப் பாட்டுக் கேட்க வைத்தார்கள், பள்ளிக்கூடங்களுக்குப் பாடமும் ஒலிபரப்பினார்கள். 1938ல் அகில இந்திய வானொலி வரும்வரை இது ஓடியது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அதே 1927ல் பெரிய முதலீட்டோடு பம்பாயிலும் கல்கத்தாவிலும் தொடங்கிய இந்திய ஒலிபரப்புக் கம்பெனியும் 1930ல் கடையை மூடிவிட்டது. லாபக் கணக்கும் தோற்றது, சந்தாக் கணக்கும் தோற்றது. ஆனால் கிளப் விட்டுப்போன டிரான்ஸ்மிட்டரும் பழக்கமும் ஊரில் தங்கின.

தரிசுக்கு விலை வந்ததும்

சிற்றலை வேலை செய்கிறது என்று தெரிந்ததும் பெரிய கைகள் வந்துவிட்டன. மார்க்கோனி கம்பெனியே சிற்றலைக்கு மாறியது. 1924 ஜூலையில் பிரிட்டிஷ் தபால் துறையோடு ஒப்பந்தம் போட்டு, பேரரசின் நாடுகளை இணைக்கும் சிற்றலைத் தந்தி நிலையங்களைக் கட்டியது. 1927ல் பூனா பக்கத்தில் அமைந்த நிலையங்கள் வழியாக இந்தியாவும் இணைந்தது. கடலுக்கடியில் கேபிள் போட்டு வைத்திருந்த கம்பெனிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. வயர்லெஸ் தந்தி மலிவு, கட்டும் செலவும் குறைவு. வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். கடைசியில் 1929ல் கேபிளையும் வயர்லெஸ்ஸையும் ஒரே நிறுவனமாக இணைக்க வேண்டியதாயிற்று. 15 வருஷத்துக்கு முன்னால் உதவாது என்று பையன்களுக்குக் கொடுத்த சரக்கு, பெரிய பெரிய கம்பெனிகளின் ஐந்தொகையையே ஆட்டிவிட்டது.

அப்புறம் என்ன நடக்கும்? தரிசில் எண்ணெய் கிடைத்தால் என்ன நடக்குமோ அதுதான். 1927ல் வாஷிங்டனில் உலக நாடுகளின் வானொலி மாநாடு கூடியது. கம்பெனிகள், ராணுவங்கள், அரசாங்கங்கள் எல்லோருக்கும் சிற்றலையில் இடம் வேண்டும். அமெச்சூர்களுக்கு ஒன்றுமே கொடுக்க வேண்டாம் என்ற நாடுகளும் இருந்தன. 1925லேயே பாரிஸில் உலக அமெச்சூர் சங்கம் ஒன்று உருவாகியிருந்தது நல்லதாகப் போயிற்று. வாதாடி, 160, 80, 40, 20, 10 மீட்டர் என்று மெல்லிய பட்டைகளைத் தக்க வைத்தார்கள். ஆனால் இழந்ததும் அதிகம். உதாரணத்துக்கு, அமெரிக்க அமெச்சூர்களுக்கு 40 மீட்டர் பகுதியில் 7,000 முதல் 8,000 கிலோஹெர்ட்ஸ் வரை இருந்தது, 7,300 வரை என்று சுருங்கியது. கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைத்தது பத்தில் மூன்று பங்கு.

இன்றைக்கு உலகம் முழுக்க ஹாம்கள் பயன்படுத்தும் சிற்றலைப் பட்டைகளுக்கு அடித்தளம் அந்த மாநாட்டில் போட்டதுதான்.

ஏன் இவ்வளவு தேர்வு, இவ்வளவு சரிபார்ப்பு?

ஹாம் ஆக ஆசைப்படுகிறவர்கள் முதலில் சலித்துக்கொள்வது விண்ணப்பம், தேர்வு, சரிபார்ப்பு என்று இழுக்கிற நடைமுறையைத்தான். அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1939ல் இரண்டாம் உலகப் போர் வந்ததும் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் அமெச்சூர் வானொலியை நிறுத்தி, கருவிகளை ஒப்படைக்கச் சொன்னது. அவர்கள் எதற்குப் பயந்தார்களோ அது 1942ல் நடந்தது. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் தலைவர்கள் எல்லாம் சிறையில். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அப்போது பம்பாயில் உஷா மேத்தா என்ற 22 வயது மாணவி, நண்பர்களோடு சேர்ந்து ஒரு ரகசிய நிலையம் தொடங்கினார். ஆகஸ்ட் 27 அன்று 42.34 மீட்டர் சிற்றலையில் காங்கிரஸ் ரேடியோ ஒலித்தது. எங்கிருந்து என்று சொல்லாமல், "இந்தியாவில் எங்கோ ஓரிடத்திலிருந்து" என்று அறிவிப்பார்கள். பத்திரிகைகள் எழுத முடியாத செய்திகளை மக்கள் அதில் கேட்டார்கள். போலீஸ் தேடத் தேட, இடத்தை மாற்றி மாற்றி நடத்தினார்கள். நவம்பர் 12 அன்று பிடிபட்டார்கள். உஷா மேத்தாவுக்கு நான்கு வருஷச் சிறை, 1946ல் விடுதலை. 1998ல் பத்ம விபூஷண்.

உஷா மேத்தா ஹாம் இல்லை. அவர் செய்தது பொழுதுபோக்கும் இல்லை. ஆனால் ஓர் அறைக்குள் அடங்குகிற டிரான்ஸ்மிட்டர் ஓர் அரசாங்கத்தை என்ன பாடு படுத்தும் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம். நம் அரசாங்கத்துக்கும் இது தெரியும். அதனால்தான் யார், எங்கே, எந்த அலைவரிசையில் என்று கணக்கு வைத்துக்கொண்டு கொடுக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948 மே மாதம் மௌ நகரில் ராணுவத்தின் சிக்னல் பயிற்சிப் பள்ளியில் இந்திய அமெச்சூர் ரேடியோ கிளப் தொடங்கியது. 1954ல் அது டெல்லிக்குப் போய் இந்திய அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆனது. இறக்குமதி செட்டு வாங்குவது எட்டாக்கனியாக இருந்த காலம் அது. ராணுவம் கழித்துக்கட்டிய பழைய செட்டுகளைப் பிரித்துச் சேர்த்துத்தான் பலர் ஆரம்பித்தார்கள். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம், அவர் குறி வி.யு.2 ஆர்.ஜி.

ஒதுக்கியதற்குப் பலன் என்ன?

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். இந்தப் பங்கு இன்னும் தேவையா?

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு ஒன்று அந்தமான் போயிருந்தது. போன காரணம் சுத்தமாகப் பொழுதுபோக்கு. அந்தமானிலிருந்து பல வருஷங்களாக யாரும் ஹாமில் பேசவில்லை, அதனால் உலகம் முழுக்க ஹாம்கள் அந்த ஊரோடு பேசக் காத்திருந்தார்கள். போர்ட் பிளேரில் ஆன்டெனா கட்டிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் டிசம்பர் 26 சுனாமி வந்தது. டெலிபோன்கள் செத்துப்போயின. பொழுதுபோக்குக்குக் கட்டிய அதே ஆன்டெனா அடுத்த நிமிஷம் தீவுக்கும் இந்தியாவுக்கும் நடுவே செய்திப் பாலமானது. யார் உயிரோடு இருக்கிறார்கள், என்ன தேவை என்ற தகவல்கள் அதில் போயின.

"பேரிடருக்கு என்று அரசாங்கமே சாட்டிலைட் போன் வாங்கி வைக்கலாமே?" என்று கேட்கலாம். வைக்கலாம், வைத்திருக்கிறார்கள். ஆனால் பீரோவில் பூட்டி வைத்த கருவியை அவசரத்தில் எடுத்து இயக்க ஆள் வேண்டும். தினமும் விளையாட்டாக இயக்குகிற ஆளுக்குத்தான் கை பழகியிருக்கும். அந்தப் பழக்கத்தை ஏலத்தில் வாங்க முடியாது.

அடுத்தது அறிவு. 1961 டிசம்பர் 12ல், ஸ்புட்னிக் பறந்து நாலே வருஷத்தில், அமெச்சூர்கள் கட்டிய ஆஸ்கார் 1 செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. 2005 மே 5ல் இஸ்ரோ ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்சாட் அனுப்பியது. அதிலிருந்த இரண்டு கருவிகளில் ஒன்றை வடிவமைத்தது நெதர்லாந்து மாணவர் ஒருவர். அது 2014 வரை வேலை செய்தது. இயற்பியலில் 1993ல் நோபல் வாங்கிய ஜோ டெய்லர் ஒரு ஹாம். காதுக்கே கேட்காத அளவு பலவீனமான சமிக்ஞைகளை மீட்டெடுக்கும் எஃப்.டி.8 முறையை அவரும் இன்னொரு ஹாமும் 2017ல் இலவசமாகக் கொடுத்தார்கள்.

பொருளாதாரத்தில் ஒரு பொருளின் மதிப்பு சந்தையில் தெரியும் என்று படிக்கிறோம். 1912ல் சிற்றலையை ஏலம் விட்டிருந்தால் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சந்தைக்கே அதன் மதிப்பு தெரியாது. லாபம் பார்க்காதவர்கள் கையில் கொடுத்ததால்தான் அந்த மதிப்பு வெளியே வந்தது. எனவே, எல்லாவற்றையும் அளந்து விற்றுவிடாமல் ஒரு ஓரத்தை விளையாட விட்டு வைப்பதை நான் தானம் என்று நினைக்கவில்லை, முதலீடு என்றுதான் நினைக்கிறேன். வருமானம் எப்போது வரும் என்று மட்டும் சொல்ல முடியாது.

ஆரம்பிக்க என்ன வேண்டும்?

வரலாறு சொல்லித் தருகிற வழியே இதற்கும் சரி: முதலில் கேளுங்கள். அன்றைக்கு கலீனா கல்லில் ஆரம்பித்தார்கள். இன்றைக்கு நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் ஒரு சிற்றலை ரிசீவரை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபடியே, பத்து பைசா செலவில்லாமல், ஹாம்கள் பேசுவதைக் கேட்கலாம். 40 மீட்டர், 20 மீட்டர் பக்கம் சுற்றிப் பாருங்கள். பகலில் ஒரு பட்டை சுறுசுறுப்பாக இருக்கும், ராத்திரியில் இன்னொன்று. அயனி மண்டலத்தைப் புத்தகம் இல்லாமலே புரிந்துகொள்ளலாம்.

பிறகு தேர்வு. வானொலி அடிப்படை, விதிமுறைகள் என்று இரண்டு பகுதி. 2009ல் விதிகளைத் திருத்தியபோது பொது, வரையறுக்கப்பட்ட என்று இரண்டு தரங்கள் வந்தன. வரையறுக்கப்பட்ட தரத்துக்கு மோர்ஸ் தேவையில்லை என்றானது. 12 வயது ஆனவர்களே எழுதலாம் என்றும் வைத்தார்கள். கட்டணம், விண்ணப்ப முறை எல்லாம் அவ்வப்போது மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் நேரத்தில் தொலைத்தொடர்புத் துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. லைசென்ஸ் கைக்கு வரும்வரை பட்டனை அழுத்த வேண்டாம், கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு ஹாம் கிளப் இருந்தால் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பெரியவர் உங்களுக்காகவே காத்திருந்த மாதிரி உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லித் தருவார் :-)

கருவி வாங்குவது கடைசி. பழைய ஆட்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மேக்சிமுக்கு ஒரு வால்வு வாங்கவே இன்னொரு மனிதரின் உதவி தேவைப்பட்டது. முதலில் மனிதர்கள், பிறகு மெஷின்.